கையறுநிலை வரைந்த ஓவியர் கரவாஜியோ

1607ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தின் முதல் வாரத்திலே உரோமாபுரி ஓவியர்கள் ஒரு படத்தைக் காண்பதற்காகத் திரண்டு சென்றனர். மாந்துவா நாட்டுக் கோமகன் வின்சென்சோ கொன்சாகா அப்படத்தை விலைக்கு வாங்கியிருந்தார். அது தம் நகரை விட்டுப் போவதற்கு முன் ஒருமுறையேனும் அதனைக் கண்டுவிடவேண்டும் என்று ஓவியர்கள் வேண்டிக்கொண்டதனால், கோமகனின் முகவர் அதனை ஒரு வாரகாலம் பார்வைக்கு வைத்தார். தேவமாதாவின் மரணத்தைக் காட்டும் படம் அது. எந்தக் கோயிலுக்காக அது வரையப்பட்டதோ அக்கோயிற்றுறவியர் அதனை ஏற்கமாட்டோம் என்று மறுத்துவிட்டனர். அதனை வரைந்தவரோ அப்பொழுது உரோமாபுரியில் இல்லை. ஒருவனைக் கொன்ற குற்றத்துக்காகத் தலைக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, நேப்பிள்ஸ் நகரிலே அடைக்கலம் புகுந்திருந்தார். அவருடைய இயற்பெயர் மைக்கலாஞ்சலோ மெரீசி. பெற்றோரின் ஊர்ப்பெயரால் கரவாஜியோ என்றே உலகம் அவரை அறியும். பாப்பரசரின் சிற்றாலய முகட்டை ஓவியத்தால் அணிசெய்த மைக்கலாஞ்சலோ வேறு. இவர் அவர் மறைந்து ஏழாண்டுகளின் பின் பிறந்தவர்.

தலைவன் மாய்ந்தவிடத்து அவனைச் சார்ந்தோர் செய்வதறியாது புலம்பும் துறையைக் கையறுநிலை என்று நம் இலக்கண நூலார் வகுத்தனர். புறநானூறு கற்ற மாணாக்கர் அத்துறையின் இயல்பை நன்கு அறிவர். மேனாட்டுக் கிறித்தவ ஓவியத்திலும் இறந்தோர்க்கு இரங்குதலும் அடக்கம் செய்தலும் பன்னூறு ஆண்டுகளாக வரையப்பட்டு வந்த பொருள்களே. பதுவா நகரச் சிற்றாலயச் சுவரிலே ஜொத்தோ என்னும் பேரோவியர் 1305ஆம் ஆண்டளவில் வரைந்த காட்சியில், இயேசுநாதரின் உடலைச் சூழ்ந்து மாந்தர் அழுவதோடு வானத்துத் தேவதூதரும் அலறித் துடிக்கின்றனர். மண்ணில் நிகழும் துக்கத்துக்கு விண்ணும் சான்றாக நிற்கும் மரபு அது. கரவாஜியோ வரைந்த சாக்காட்டுக் காட்சிகள் பெரும்பாலானவற்றில் வானமே இல்லை. சுவர் உண்டு, இருள் உண்டு, பிணத்தைச் சுமப்பவரின் முழங்காலும், குழி வெட்டுபவனின் முதுகும், அழுபவளின் குனிந்த தலையும் உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, அவர் காலத்தவர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பன அவர் வாழ்க்கையோடு சேர்த்து நோக்கத்தக்கவை.

1571ஆம் ஆண்டு செத்தெம்பர் மாத இறுதியிலே கரவாஜியோ பிறந்தார். தந்தை பேர்மோ மெரீசி, கரவாஜியோ ஊருக்கு உரிமைபூண்ட பிரபு ஒருவரின் இல்லத்திலே பணி புரிந்தவர். தாய் லூசியா. 1576ஆம் ஆண்டு மிலான் நகரைக் கொள்ளைநோய் பற்றியது. குடும்பம் நகரை விட்டு ஊருக்குச் சென்றது, நோயும் பின்தொடர்ந்தது. 1577ஆம் ஆண்டிலே தந்தையும் பாட்டனும் அந்நோய்க்கு இரையாயினர். பிள்ளைக்கு அப்போது வயது ஆறு. கொள்ளைநோய்க் காலத்துச் சாவிலே பாடையும் இல்லை, ஊர்கூடி அழுதலும் இல்லை. வண்டியில் ஏற்றிச் சென்று குழியில் இடுதலே உண்டு. ஆறு வயதுப் பிள்ளை கண்டது யாது, கண்டது அவன் மனத்திலே எவ்வளவு நின்றது என்று கூறுதல் எவர்க்கும் அரிது. சிறுவயதிற் கண்ட ஒன்றே பிற்காலக் கலை முழுவதற்கும் மூலம் என்று எளிதாக முடிச்சுப் போடும் திறனாய்வாளர் உளர். அவர் வழியை யான் பின்பற்ற விரும்பவில்லை. ஆயினும், சாவினை ஏட்டிலே கற்றவர் அல்லர் இவர் என்பது மட்டும் தெளிவு.

1584ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் வயதிலே, மிலான் நகரத்துச் சிமோனே பெற்றர்சானோ என்னும் ஓவியரிடம் நான்காண்டு பயிற்சிக்கு ஒப்பந்தம் எழுதிச் சேர்க்கப்பட்டார். தித்தியனின் மாணாக்கர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அவ்வாசிரியரும் இயேசுநாதரின் உடலைச் சூழ்ந்து இரங்கும் காட்சியை வரைந்தவர்; அவ்வோவியம் மிலானில் இன்றும் உண்டு. ஆசிரியர் வரைந்தது மரபு பிறழாத படம். மாணாக்கர் பிற்காலத்திலே அதே பொருளை எடுத்தபோது என்ன செய்தார் என்பதைப் பின்னர்க் காண்போம். 1590இல் தாயும் மறைந்தார். உடன்பிறந்தாரோடு சொத்தைப் பங்கிட்டுக்கொண்டு, 1592ஆம் ஆண்டளவில் அவர் உரோமாபுரியை அடைந்தார்.

உரோமாபுரியில் முதற்சில ஆண்டுகள் வறுமையிலே கழிந்தன. பெயர்பெற்ற ஓவியர் ஒருவரின் கூடத்தில் பூவும் பழமும் வரையும் கூலியாளாக இருந்தார். நோயுற்று ஏழைகளின் வைத்தியசாலையிலே கிடந்தார். பின்னர் கர்தினால் தெல் மொந்தே அவருடைய கைவண்ணத்தைக் கண்டு தம் மாளிகையில் இடமளித்தார். அவருடைய ஆதரவினாலே 1599ஆம் ஆண்டு சான் லூயிஜி ஆலயத்துச் சிற்றாலயத்துக்குப் புனித மத்தேயுவின் வரலாற்றை வரையும் பணி கிடைத்தது. அப்பணி முடிந்ததும் அவர் பெயர் நகரெங்கும் பரவியது.

அவருடைய முறை ஏனையோரின் முறையினின்றும் வேறானது. பிற ஓவியர் முதலிலே தாளிற் பலமுறை வரைந்து பார்த்து, பின்பு அதனைப் பெரிதாக்கிச் சீலைக்கு மாற்றுவர். கரவாஜியோ வரைந்த அத்தகைய தாட்சித்திரம் ஒன்றேனும் இன்றுவரை கிடைக்கவில்லை. கபில நிறப் பூச்சுப் பூசிய சீலையை முன்வைத்து, ஆட்களை அவ்வவ்வாறே நிற்கவும் கிடக்கவும் செய்து, ஈரப்பூச்சிலே கூர்நுனியாற் சில கீறல்களை இட்டு இடங்குறித்துக்கொண்டு, நேரே வண்ணந்தீட்டத் தொடங்குவார். ஒளி ஒரு பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து வரும். அது படும் இடம் மட்டும் துலங்கும்; மற்றவை இருளில் ஆழும். அவருக்காக நின்றவர்களும் கிடந்தவர்களும் தெருவிலே கிடைத்த மாந்தர்: கூலியாட்கள், கிழவர், விலைமாதர். சமயத்தின் பெரியோரை அவர்களைக் கொண்டே வரைந்தார். புனித மத்தேயுவைத் தேவதூதரோடு காட்டும் படத்தின் முதல் வடிவம் ஏற்றுக்கொள்ளப்படாமற் போனதற்கு, முன்னே நீட்டிய வெற்றுக்காலும் ஒரு காரணம் என்பர். பின்னர் வரைந்த லொரேத்தோ மாதா படத்திலே, வணங்க வந்த ஏழை யாத்திரிகனின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் காண்போர் கண்ணுக்கு நேரே இருந்தன. கால்கள் பற்றிய இச்சச்சரவு அவரைக் கடைசிவரை விடவில்லை.

இனி அவருடைய இரங்கல் ஓவியங்களுக்கு வருவோம். முதலாவது, 1602க்கும் 1604க்கும் இடையில், ஒறற்றோரியன் சபையாரின் புதிய ஆலயத்துக்காக வரைந்த இயேசுநாதர் அடக்கம். அச்சிற்றாலயம் 1600ஆம் ஆண்டு மறைந்த பியெத்திரோ வித்திரிச்சே என்பவருக்கு உரியது. படத்தை எழுதுவித்தவர் அவருடைய மருமகன். மூன்று மீற்றர் உயரமுள்ள சீலையிலே ஆறு உருவங்கள் அமைந்துள்ளன. கீழே ஒரு தடித்த கற்பலகை. அதன் மூலை நம்மை நோக்கிக் குத்துவதுபோல நீண்டிருக்கிறது. அதன்மேல் நின்று இருவர் இயேசுநாதரின் உடலைத் தாங்குகின்றனர். கால்களைக் கட்டியணைத்துக் குனிந்து நிற்பவர் நிக்கோதேமு. பாரத்தினால் அவர் முழங்கை வெளியே பிதுங்குகிறது. முகமோ நம் பக்கம் திரும்பியிருக்கிறது, வந்து ஒரு கை கொடுப்பார் உளரோ என்று பார்ப்பவர்போல. தோளைத் தாங்குபவர் அருளப்பர். அவர் விரல்கள் தாமறியாமலே விலாப்புண்ணின்மேற் படுகின்றன. இயேசுநாதரின் வலக்கை கீழே தொங்கிக் கல்லைத் தொடுகிறது. பின்னே மூன்று பெண்கள். தாய் மரியாள் முதிர்ந்த கன்னியாஸ்திரி போன்ற முக்காட்டோடு, கைகளை விரித்து அனைவரையும் அணைப்பவர்போல நிற்கிறார். மகதலா மரியாள் குனிந்து கண்ணைத் துடைக்கிறாள். கிலோப்பாவின் மனைவி மரியாள் இரு கைகளையும் மேலே எறிந்து ஓலமிடுகிறாள். நிமிர்ந்த கையிலிருந்து தொங்கும் கைவரை உருவங்கள் சரிந்து இறங்கும் அமைப்பை நோக்கினால், துக்கம் ஓலத்திலே தொடங்கி, அழுகையாகி, மௌனமாகி, இறுதியிலே உடலின் பாரமாக முடிதலைக் காணலாம். அடக்கம் என்பது முதலாவதாக ஒரு வேலை. கைகள் செய்யும் வேலை. பாரம் தூக்கும் வேலை. சுமப்பவனுக்கு அழ நேரமில்லை. செத்த வீட்டிலே பாடை தூக்கியவர் எவரும் இவ்வுண்மையை மறுக்கமாட்டார்.

இப்படம் பீடத்துக்கு மேலே வைக்கப்பட்டது. பூசைவேளையிலே குருவானவர் கிறிஸ்துவின் உடலென நற்கருணையை உயர்த்தும்போது, அதற்கு நேர்மேலே அவ்வுடலே இறங்கி வருவதுபோலத் தோன்றும். கலையும் வழிபாடும் இவ்வளவு பொருந்திய இடம் வேறொன்றை எளிதிற் காட்டமுடியாது. கரவாஜியோவைப் பழிப்பதிலே முன்னின்றவர்களும் இதனைச் சிறந்ததென்று ஒப்புக்கொண்டனர்.

இஃது ஏற்கப்பட்டது. இதே கை வரைந்த தேவமாதாவின் மரணம் தள்ளப்பட்டது. ஏன் என்பதுதான் நாம் ஆராயவேண்டியது.

இலயேர்சியோ செருபினி என்னும் சட்டவறிஞர் 1601ஆம் ஆண்டிலே, தைபர் ஆற்றின் அப்பால் திரஸ்தேவரே என்னும் எளியோர் வாழ்ந்த பகுதியில் இருந்த ஸ்காலா மாதா ஆலயத்துக்கு அப்படத்தை எழுத ஒப்பந்தஞ் செய்தார். ஆலயம் காலணி தரியாத கார்மேல் சபைத் துறவியருக்குரியது. படம் முடியச் சில ஆண்டுகள் ஆயின. அதன் உயரம் 369 சதமமீற்றர். அகலம் 245 சதமமீற்றர். உருவங்கள் ஏறத்தாழ ஆளளவானவை.

ஒரு வறிய அறை. மேலே பெரியதொரு செந்திரை சுருட்டித் தூக்கிவிடப்பட்டிருக்கிறது. கட்டில் என்று சொல்லவும் தகுதியற்ற ஒரு பலகைமேல், செவ்வாடையோடு மரியாள் கிடக்கிறார். ஒரு கை வயிற்றின்மேல். மற்றக் கை தலையணைக்கு அப்பால் நீண்டு துவண்டு கிடக்கிறது. வயிறு சற்று ஊதியிருக்கிறது. கணுக்கால்வரை வெறுமையான பாதங்கள் பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தலையைச் சுற்றி மயிரிழைபோன்ற ஒரு ஒளிவட்டம் இல்லாவிடின், தேவமாதா என்று எவரும் அறியமாட்டார். அப்போஸ்தலர் நெருங்கி நிற்கின்றனர். வழுக்கைத் தலைகளிலும் நெற்றிகளிலும் ஒளி விழுகிறது. ஒருவர் கண்களைக் கைகளாற் பொத்தியிருக்கிறார். ஒருவரும் வானத்தை நோக்கவில்லை. முன்னே தாழ்ந்த இருக்கையில் மகதலா மரியாள், முகம் மடியில் விழக் குனிந்திருக்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரிவதில்லை, பின்கழுத்துத்தான் தெரிகிறது. அவள் காலடியில் ஒரு செப்புப் பாத்திரம். பிரேதத்தைக் கழுவுவதற்குக் கொண்டுவந்தது.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களங்கள் கூறினார். பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலை கெட்டுத் தளர்தல், வறுமை என அவற்றை விளக்கலாம். இழப்பை வரைந்த ஓவியர் பலர். வறுமையை வரைந்தவரும் உளர். இழப்பும் வறுமையும் ஒரே அறையிலே கூடியிருக்க, சமயத்தின் மிகப் பெரிய துக்கத்தை வரைந்தவர் இவர். அந்தச் செப்புப் பாத்திரத்தை யான் இப்படத்தின் உயிர்நிலை என்பேன். அழுதவர் எழுந்து, தண்ணீர் வார்த்து, உடலைக் கழுவவேண்டிய கடமை காத்திருக்கிறது. சாவு வீட்டிலே துக்கத்தோடு ஒட்டிக்கிடக்கும் சிறுசிறு பணிகளை அது சொல்லாமற் சொல்லுகிறது.

துறவியர் ஏன் மறுத்தனர்? அக்காலத்து வரலாறு எழுதியோர் கூறும் காரணங்கள் ஒன்றுபோல இல்லை. உடல் ஊதியிருந்தது, கால்கள் வெறுமையாக இருந்தன என்று ஒருவர் எழுதினார். ஓவியர் தமக்கு வேண்டியவளான விலைமாது ஒருத்தியையே மாதிரியாகக் கொண்டார் என்று இன்னொருவர் எழுதினார். ஆற்றில் மூழ்கி இறந்த பெண்ணின் பிணத்தைப் பார்த்து வரைந்தார் என்ற கதையும் பிற்காலத்திலே சேர்ந்தது. சுவையுள்ள கதைதான், ஆனால் சான்று போதாது. எது எவ்வாறாயினும், துறவியரை மூடர் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணுலகுக்கு எடுக்கப்பட்டார் என்பது கத்தோலிக்க மக்களின் நெடுங்கால நம்பிக்கை. 1950ஆம் ஆண்டிலே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அதனை விசுவாச உண்மையாகவே பிரகடனஞ் செய்தார். பழைய ஓவியர் இதனாலேயே தேவமாதாவின் சாவினைத் துயிலாக வரைந்தனர். இளமை மாறாத முகம், சூழ நின்று செபிக்கும் அப்போஸ்தலர், ஆன்மாவை ஏந்த வரும் இயேசுநாதர் என்பன அம்மரபு. கரவாஜியோ துயிலை வரையவில்லை, சாவை வரைந்தார். இவ்வுடல் நாளை நாற்றமெடுக்கும் என்ற அச்சம் காண்போர்க்கு எழுகிறது. அப்பீடத்தின் முன் முழந்தாளிட வரும் ஏழைத் தாய் எதை நம்பி வருகிறாள்? தன் சாவுக்கு அப்பாலும் ஒன்று உண்டு என்றல்லவா? அவளுக்கு அந்நம்பிக்கையைக் காட்டவேண்டிய கடமை துறவியருக்கு உண்டு. இயேசுநாதரின் சாவு அவ்வாறன்று. அவர் உண்மையாகவே மரித்தார் என்பது திருச்சபையின் போதனை. மூன்றாம் நாளிலே எழுவார் என்பதும் காண்போர் அனைவரும் அறிந்தது. ஆதலால் அவருடைய பிணத்தின் பாரத்தை எவ்வளவு உண்மையாக வரைந்தாலும் பக்தி குறையாது, பெருகும். கைத்திறனிலே இரு படங்களுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. யாருடைய பிணம் என்பதே தீர்ப்பை மாற்றியது.

ஆனாலும் மற்றொரு பக்கமும் உண்டு. அப்படத்தின் முன் நிற்பவர் மனத்திலே தேவமாதாவின் பெருமை குறைவதில்லை. தன்னைப்போலவே வறிய அறையிலே, கழுவுவாரும் அழுவாரும் மட்டும் சூழ இறந்த ஒரு தாயை அந்த ஏழைப் பெண் கண்டிருப்பாள். அக்காட்சியே அவளுக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். துறவியர் இதனை எண்ணினாரல்லர். கோயிலுக்கு வேறொருவரைக் கொண்டு வேறொரு படம் எழுதுவித்தனர். தள்ளப்பட்ட படத்தின் தகுதியை உணர்ந்து, அதனை வாங்குமாறு மாந்துவாக் கோமகனுக்கு எடுத்துரைத்தவர் அப்போது இளைஞராக இருந்த பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் ரூபன்ஸ்.

அதற்குள் கரவாஜியோவின் வாழ்வு குலைந்துவிட்டது. வாள் தரித்துத் திரிதல், சத்திரங்களிலே சண்டையிடுதல், நீதிமன்றத்துக்கு இழுக்கப்படுதல் என்று அவர் பெயர் நகரக் காவலரின் ஏடுகளிலே அடிக்கடி இடம்பெற்றது. 1606ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி பந்தாட்ட அரங்கொன்றின் அருகே நடந்த கைகலப்பிலே ரனூச்சியோ தொமசோனி என்பவனை வெட்டினார், அவன் இறந்தான். கண்டவர் எவரும் கொல்லலாம் என்னும் கடுந்தண்டனை கரவாஜியோமேல் விதிக்கப்பட்டது. படத்திலே கண்ட பரிவை அவர் வாழ்க்கையிலே தேடுவோர் ஏமாற்றமடைவர். கொல்லப்பட்டவனுக்கும் அழுவார் இருந்திருப்பர். அவர்களைப் பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை.

நேப்பிள்ஸ் நகரிலே அவருக்குப் பெருமதிப்புக் கிடைத்தது. அங்கே ஏழு இளம் பிரபுக்கள் 1602இல் நிறுவிய இரக்கச் சபையொன்று இருந்தது. அதன் ஆலயத்துக்காக இரக்கச் செயல்கள் ஏழையும் ஒரே படத்தில் வரைந்தார். பசித்தோர்க்கு உணவளித்தல் முதலிய ஆறும் மத்தேயு சுவிசேடத்திலே வருவன. இறந்தோரை அடக்குதல் பின்னர்ச் சேர்ந்த ஏழாவது. மற்றவர்களாயின் அடக்கத்துக்கென ஊர்வலமே வரைந்திருப்பர். இவர் வரைந்தது ஒரு தெருமூலை. தீவட்டி பிடித்த ஒரு குரு. பிணத்தைத் தூக்கும் ஒருவன். மூலையைத் திரும்பும் பிணத்தின் இரு பாதங்கள் மட்டும். முகமில்லாத அப்பிணம் யாருடையதாகவும் இருக்கலாம். ஊர்பேரறியாத ஏழைகளை எடுத்து அடக்குவதே அச்சபையாரின் தொண்டுகளுள் ஒன்றாதலால், முகம் வேண்டாம் என்று விட்டார் போலும்.

1607இல் மால்டாத் தீவுக்குச் சென்றார். 1608 யூலை 14ஆந் திகதி புனித அருளப்பர் வீரசபையிலே வீரராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அங்கே வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம் அவர் படங்களுள் எல்லாம் பெரியது. அகலம் ஐந்து மீற்றருக்கும் மேல். சிறைமுற்றத்திலே கொலை நிகழ்கிறது. இரங்குவாள் ஒரே ஒரு கிழவி, இரு கைகளாலும் தலையைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். கழுத்திலிருந்து வழிந்த குருதியிலே ஓவியர் தம் பெயரை எழுதினார். அவர் கையொப்பமிட்டதாக இன்று நாம் அறியும் படம் இஃது ஒன்றே. சில திங்கள் கழியுமுன் அங்கும் ஒரு சண்டை, சிறை, சிறையிலிருந்து தப்புதல். 1608 திசெம்பர் 1ஆந் திகதி சபையினின்றும் அவர் நீக்கப்பட்டார்.

தப்பியவர் சிசிலித் தீவின் சிராகூசா நகரை அடைந்தார். உரோமாபுரியிலே இளமையில் உடனிருந்த மாரியோ மின்னித்தி என்னும் ஓவியர் அங்கே இருந்தார். அவருடைய முயற்சியினாலே நகரின் காவற்றெய்வமெனப் போற்றப்படும் புனித லூசியாவின் அடக்கத்தை வரையும் பணி கிடைத்தது. லூசியா கி.பி. 304ஆம் ஆண்டளவிலே அந்நகரில் வேதசாட்சியாக இறந்தவர் என்பது மரபு. அவர் அடக்கப்பட்ட இடமென்று போற்றப்படும் இடத்து ஆலயத்துக்கே இப்படம். ஓவியரின் தாய்க்கும் அதே பெயர் என்பதை முன்னர்க் கண்டோம். அதற்குமேல் அதைப் பற்றிக் கூற ஒன்றுமில்லை.

கரவாஜியோவின் ஓவியங்களுள் எனக்கு மிகவும் ஆழமாகத் தோன்றுவது இது. நான்கு மீற்றர் உயரச் சீலை. மேற்பாதி முழுவதும் வெறுஞ்சுவர். தேவதூதர் இல்லை, ஒளிக்கற்றை இல்லை, குருத்தோலை ஏந்தி இறங்கும் குழந்தைகள் இல்லை. கீழ்ப்பாதியின் முன்புறத்திலே இரு பெரிய உருவங்கள் குழி வெட்டுகின்றன. திரண்ட தோளும் முதுகும் கொண்ட கூலியாட்கள் அவர்கள். சுற்றியிருக்கும் துக்கத்தைப் பற்றி ஒரு சிறிதும் கவலைகொண்டாரல்லர். அவர்களுக்கிடையே, நிலத்திலே, சிறிய உருவமாக லூசியா கிடக்கிறார். தலை பின்னே சாய்ந்து, கழுத்திலே வெட்டுத் தெரிகிறது. முதலில் தலையைத் தனியே துண்டித்தாற்போல வரைந்து, பின்பு மாற்றி, ஒரு கீறலோடு விட்டார் என்று ஆய்ந்தோர் கூறுவர். ஆயர் கையுயர்த்தி ஆசீர்வதிக்கிறார். அவர் கூட்டத்தின் ஓரத்திலே அரைகுறையாகத் தெரிகிறார். கவசமணிந்த அதிகாரி ஒருவன் அருகே நிற்கிறான். ஒரு கிழவி முழந்தாளிட்டு முகத்தைக் கைகளிலே தாங்குகிறாள். நடுவிலே செந்நிறப் பட்டி அணிந்த இளைஞன் ஒருவன் கைகோத்துக் குனிந்து பார்க்கிறான்.

பெரியோரைப் பெரிதாகவும் சிறியோரைச் சிறிதாகவும் வரைதல் பண்டைய மரபு. இங்கே அம்மரபு தலைகீழானது. புனிதை சிறியர், ஆயர் சிறியர், வெட்டியான்கள் பெரியர். இறந்தவருக்கும் அழுபவருக்கும் நமக்கும் இடையிலே அவர்கள் மலைபோல நிற்கின்றனர். துக்கத்தைக் காண விரும்பும் நாம், குழி வெட்டுபவனின் முதுகைத் தாண்டித்தான் அதனைக் காணவேண்டும். இதை எழுதியபோது ஓவியர் ஓடி ஒளிந்து திரிந்தவர். விரைவாக, மெல்லிய பூச்சாக, கீழ்ப்பூச்சின் கபிலநிறமே பலவிடத்தும் நிழலாக நிற்கும்படி விட்டு வரைந்தார். இல்லாததை இருப்பதாகக் காட்டும் பொறுமையும் விருப்பமும் அவரிடம் அப்போது இருந்தில.

1609இல் மெசீனா நகரிலே லாசருவின் உயிர்த்தெழுதலை வரைந்தார். எழுதுவித்தவர் தே லாசரி என்னும் வணிகர். பெயர்ப்பொருத்தம் நோக்கி இப்பொருளைத் தெரிந்தார் போலும். குழியிலிருந்து எடுத்த உடல் விறைத்துச் சிலுவைபோலக் கைவிரித்துக் கிடக்கிறது. ஒரு கை ஒளியை நோக்கி உயர்கிறது. மற்றது மண்டையோடு கிடக்கும் நிலத்தை நோக்கித் தொங்குகிறது. சகோதரி ஒருத்தி தன் முகத்தை அவன் முகத்தோடு ஒட்டியிருக்கிறாள். உயிர் வந்தது என்பதை அவள் இன்னும் அறியாள். அவள் இன்னும் அழுதுகொண்டே இருக்கிறாள். அற்புதத்தை வரையப் புகுந்தவர், அற்புதம் அழுகையை எட்டாத அந்தக் கணத்தைப் பிடித்தார். மெய்யான பிணமொன்றைத் தூக்கிவைத்துக்கொண்டு இதனை வரைந்தார் என்று நூறாண்டு கழித்து எழுதிய ஒருவர் கூறுகிறார். இத்தகைய கதைகள் இவர் பெயரோடு இலகுவில் ஒட்டிக்கொள்ளும்.

பலேர்மோ சென்று, மீண்டும் நேப்பிள்ஸ் வந்தார். 1609இன் இறுதியில் அங்கே ஒரு சத்திர வாயிலிலே பகைவர் அவர் முகத்தை வெட்டிச் சிதைத்தனர். 1610 யூலை மாதத்திலே, மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு, சில படங்களை எடுத்துக்கொண்டு உரோமாபுரி நோக்கிச் சிறு கப்பலேறினார். பாலோ என்னும் துறையிலே காவலர் அவரைத் தடுத்துவைத்தனர். விடுபட்டு வந்தபோது கப்பல் படங்களோடு போய்விட்டது. வடக்கே போர்த்தோ எர்க்கோலே என்னும் துறைமுகத்தை அடைந்தவர், காய்ச்சலிலே வீழ்ந்து, யூலை 18ஆந் திகதி இறந்தார். வயது முப்பத்தெட்டு. அந்நாளைக் குறித்து ஒரு இரங்கற்பா எழுதிவைத்தவர் மார்சியோ மிலேசி என்னும் நண்பர். அவர் இருந்தது உரோமாபுரியில். உறவினர் எவரும் பக்கத்தில் இல்லை. அடக்கிய இடமும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியவில்லை. 2010ஆம் ஆண்டிலே அவ்வூரிற் கிடைத்த எலும்புகள் சிலவற்றை அவருடையவை என்று ஆய்வாளர் சிலர் அறிவித்தனர். அதனை ஏனையோர் முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை.

அவருடைய ஒளியிருள் முறையை இத்தாலியிலும் இசுப்பானியாவிலும் ஒல்லாந்திலும் பலர் பின்பற்றினர். ஆனால் பின்வந்த நூற்றாண்டுகளிலே அவர் பெயர் பெரிதும் மங்கிற்று. 1951ஆம் ஆண்டு மிலான் நகரிலே அறிஞர் ரொபெர்த்தோ லொங்கி அமைத்த பெருங்காட்சி அவரை மீண்டும் முன்னிலைக்குக் கொண்டுவந்தது.

படங்களும் ஓரிடத்தில் நிலைத்திருந்தன அல்ல. தேவமாதாவின் மரணம் மாந்துவாவிலிருந்து இங்கிலாந்து மன்னர் முதலாம் சாள்சிடம் சென்றது. 1649இல் அம்மன்னர் தலை வெட்டுண்டபின் விலைப்பட்டு, பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியை அடைந்து, இன்று பாரிசு நகரத்து லூவர் அரும்பொருட்சாலையிலே இருக்கிறது. இயேசுநாதர் அடக்கத்தை 1797இல் பிரெஞ்சுக்காரர் பாரிசுக்குக் கொண்டுபோயினர். நெப்போலியன் வீழ்ந்தபின் அது மீண்டு, வத்திக்கான் ஓவியக்கூடத்தில் வைக்கப்பட்டது. புதிய ஆலயத்துப் பீடத்தின்மேல் இப்போது இருப்பது அதன் படியே. 1908ஆம் ஆண்டு நிலநடுக்கம் மெசீனாவைத் தரைமட்டமாக்கியபோது தப்பிய லாசரு, அந்நகர அரும்பொருட்சாலையில் இருக்கிறார். லூசியாவின் அடக்கம் சிராகூசாவை விட்டு நெடுங்காலம் பிரிந்ததில்லை. ஈரமும் பழைமையும் அதன் வண்ணத்தைப் பெரிதும் அரித்துவிட்டன. மேற்பாதிச் சுவர் எங்கே முடிகிறது, சிதைவு எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிதல் கடினம். குழி வெட்டும் இருவரும் மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றனர்.